கேம்பர் வேன் கூரைக் கீல்: இரண்டு தடவை ரிப்பேர், மூன்று குளிர்காலம்

உள்ளேயே தங்கித் தூங்கும் எங்கள் கேம்பர் வேனின் பாப்-அப் கூரை பின்பக்கம் இரண்டு கீல்களில் நின்று, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் வகை. ஸ்காட்லாந்தின் வடகரையில், டர்னெஸ் பக்கம் ஒரு வாரம் தங்கிவிட்டுக் கிளம்பும் காலையில் கூரையை இறக்கினேன். இடது மூலையில் 'டக்'கென்று ஒரு சத்தம். அந்த மூலை ஒரு விரல் அளவு தூக்கியபடியே நின்றுவிட்டது. பட்டைக் கயிற்றால் கூரையை இறுக்கிக் கட்டி, கிளாஸ்கோ வரை மெதுவாக ஓட்டி வந்தோம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கூரையை இறக்கும்போது, அதைச் சுற்றிச் சுவர் போல நிற்கும் கேன்வாஸ் துணி பின் மூலையில் சுருண்டு, கீலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. முன்னால் நான் கொடுத்த அழுத்தமெல்லாம் நெம்புகோல் போல அந்தக் கீலைப் பிடுங்கியிருக்கிறது.

ஒரு பட்டறையில் புதுக் கீல் போட்டுக் கொடுத்தார்கள். பழைய ஓட்டைகளிலேயே கொஞ்சம் பெரிய திருகுகள். ஐந்தே மாதத்தில் மறுபடி ஆட்டம். கழற்றிப் பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் திருகைச் சுற்றி, அலுமினியக் கீலின் மேல் விபூதி தூவியது போல வெள்ளைப் பொடி. இந்த இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். இங்கே குளிர்காலத்தில் சாலையிலும் உப்புதான் போடுகிறார்கள். அதைவிடக் கவலை, கீலுக்கு அடியில் இருந்த ஃபைபர் கிளாஸ். ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலை போல விரிசல். நகத்தால் அழுத்தினாலே உதிர்ந்தது. எத்தனை கீல் மாற்றினாலும் அந்த இடத்தில் நிற்காது.

மே மாதம் வரை காத்திருந்து நானே செய்தேன். ஃபைபரை ஒட்டும் எபாக்ஸி என்ற பிசின் குளிரில் சரியாக இறுகாது. கூரையை முழுதாகத் திறந்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே கூரையைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டை (வாயு அழுத்தத் தண்டு) கழற்றினேன். முட்டு இல்லாமல் அதில் கை வைக்கவே வைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும். மற்றது இருந்தால்தான் கூரை இடம் மாறாமல் நிற்கும். உதிர்ந்த பகுதியை வெட்டி எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தேன். 3 மி.மீ. தடிமனுக்குச் சுற்றிலும் 36 மி.மீ., அதாவது 12 மடங்கு சரிவு. முகமூடி கட்டாயம். பிறகு அசிட்டோனால் துடைத்து, எபாக்ஸியில் நனைத்த கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டினேன். திருகுக்குப் பதில் 6 மி.மீ. போல்ட், உள்பக்கம் அகலமான அலுமினியத் தகடு, நைலான் வாஷர், அதிர்வில் தளராத நைலாக் நட். கீலுக்கு அடியில், தண்ணீர் புகாமல் அடைக்கப் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர் டேப். பாலியூரித்தேன் சீலன்ட் போட்டால் பின்னால் கழற்றும்போது ஃபைபரையே பிய்த்துக்கொண்டு வரும்.

முதல் மழைக்காலத்தில் ஒரு போல்ட் வழியாகக் கசிந்தது. ஓட்டையின் விளிம்பை லேசாகக் குடைந்துவிட்டு மறுபடி டேப் வைத்தேன். பியூட்டைல் அந்தப் பள்ளத்தில் வளையமாக உட்கார்ந்துகொண்டது. அதன்பின் ஒரு சொட்டு இல்லை.

மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. மகள் மேலே படுத்துத் தூங்குகிறாள். காற்றில் கூரை முனகுவதில்லை. இப்போது இறக்குமுன் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைக்கிறேன், உள்ளே மாட்டிய காற்று துணியை வெளியே தள்ளாது. பாதியில் நிறுத்தி, பின் மூலைகளைக் கையால் உள்ளே இழுத்துவிட்ட பிறகே பூட்டுகிறேன்.

இந்த ஏப்ரலில் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பொடி இல்லை. வலது கீலில் மட்டும் லேசாகத் தெரிகிறது. அதற்கான தகடு வெட்டி வைத்தாயிற்று.