எழுத்தறியாதவருக்கு ஒரு சுவரொட்டி: மூன்று சோவியத் படங்கள்

படிக்கத் தெரியாதவரைப் படிக்க வரும்படி சுவரொட்டியில் அழைப்பது எப்படி? அதிலுள்ள வாசகத்தை அவரால் வாசிக்க முடியாதே. படம்தான் பேச வேண்டும். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்ய ஓவியர்கள் இருவர் இந்தச் சிக்கலை எதிரெதிர் வழிகளில் அணுகினார்கள்.

முதலாவது, கேலிச்சித்திரங்களுக்குப் பெயர்பெற்ற அலெக்ஸி ரடக்கோவ் 1920-இல் வரைந்தது. கண்களைத் துணியால் கட்டிய ஒருவன் கைகளை நீட்டித் துழாவியபடி மலை விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கிறான். காலில் மரப்பட்டைச் செருப்பு. ஏழைக் குடியானவன் என்பதற்கு அதுவே அடையாளம். எழுத்தறியாதவன் குருடனுக்குச் சமம், எங்கும் அவனுக்குக் கேடுதான் என்கிறது வாசகம். எண்ணையும் எழுத்தையும் கண்ணென்று கேட்டு வளர்ந்த நமக்கு உவமை உடனே பிடிபடும். பார்த்தவர் மறக்கவே முடியாத படம். ஆனால் வாசகத்தை மூடிவிட்டுப் பாருங்கள். புத்தகம் இல்லை, எழுத்து இல்லை. விழப்போகும் ஒரு மனிதன் மட்டுமே மிஞ்சுகிறான். ஆபத்து புரிகிறது, எதனால் ஆபத்து என்பது புரியவில்லை. யாருக்காக வரையப்பட்டதோ, அவரையே படம் கைவிட்டுவிடுகிறது.

எலிசவேதா குருக்லிக்கோவாவின் 1923-ஆம் ஆண்டுச் சுவரொட்டியில் மேஜையும் புத்தகமும் மகளும் தாயும் இருக்கிறார்கள். "அம்மா, உனக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் எனக்கு உதவியிருப்பாயே" என்கிறாள் மகள். ஓரெழுத்தும் அறியாத பெண்கூட இதில் தன் வீட்டை அடையாளம் காண்பாள். பெண்ணை நோக்கிப் பேசியதும் சரியான முடிவுதான்: 1926 கணக்கெடுப்பில், 9 முதல் 49 வயதுவரையான பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினரே எழுத்தறிந்தவர்கள், ஆண்களில் 71-க்கும் மேல். நாளெல்லாம் உழைக்கும் தாயைக் குற்றவுணர்வில் தள்ளுகிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. இருந்தாலும் இரண்டில் இதுவே என் தேர்வு. படிப்பால் என்ன கைக்கு வரும் என்பதை இதுதான் காட்டுகிறது.

அந்த வாக்குறுதிக்குப் பின்னால் ஏற்பாடும் இருந்தது. 1919 டிசம்பர் 26 ஆணைப்படி 8 முதல் 50 வயதுவரை எழுத்தறியாத எல்லாரும் கற்றாக வேண்டும், தாய்மொழியிலோ ரஷ்ய மொழியிலோ. கற்கும் தொழிலாளிக்கு ஊதியம் குறையாமல் நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலை குறைக்கப்பட்டது. 1939-இல் 9 முதல் 49 வயதுவரையானவர்களில் எழுத்தறிவு 87 விழுக்காட்டை எட்டியது.

இவற்றோடு வேரா கரப்ளியோவாவின் 1930-ஆம் ஆண்டுச் சுவரொட்டியை வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. சிவப்புத் தலைத்துணி கட்டிய பெண், குடியானவர்களின் நிலத்தையும் கால்நடைகளையும் ஒன்றாகச் சேர்த்த கூட்டுப்பண்ணைக்கு அழைக்கிறாள், பின்னால் டிராக்டர். படமாக மட்டும் பார்த்தால் மூன்றிலும் மகிழ்ச்சியானது இதுதான், வாசகமின்றியும் புரியக்கூடியது. ஆனால் அழைப்பின் பெயரில் நடந்தது கட்டாயம். கால்நடைகளைப் பறிகொடுப்பதைவிட வெட்டிவிடலாம் என்று குடியானவர்கள் துணிந்தார்கள். 1928-இல் மூன்று கோடிக்கு மேலிருந்த குதிரைகள் 1933-க்குள் ஏறக்குறையப் பாதியாயின. 1932-33 பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அவள் பின்னால் நிற்கும் அந்த டிராக்டரும் பண்ணையின் சொத்தாக நீடிக்கவில்லை. அரசின் இயந்திர நிலையங்கள் டிராக்டர்களை வைத்துக்கொண்டு, உழுது கொடுத்ததற்குக் கூலியாகத் தானியத்தை அளந்து வாங்கின. அந்த நிலையங்கள் கலைக்கப்பட்டு, டிராக்டர்கள் பண்ணைகளுக்கு விற்கப்பட்டது 1958-இல்தான்.