விண்ணப்பிக்கும் முன் மகளோடு நேரில் பார்த்த கல்லூரிகள்: மண்டபத்திலிருந்து ஒரு தாயின் மதிப்புரை

என் மகள் மண்டபம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ அறிவியல் பிரிவில் படிக்கிறாள். கடலைப் பற்றித்தான் படிப்பேன் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிவருகிறாள். அவள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். என் மாமியார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தீவோரங்களில் மூழ்கிப் பாசி எடுத்தவர். வீட்டில் கடலைத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை என்றாலும், கடலைக் கல்லூரியில் படித்தவர் எங்கள் தெருவிலேயே கிடையாது. எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான், நாங்களே நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். கடந்த சில மாதங்களில் போய்வந்த இடங்களைப் பற்றி, எங்களைப் போலவே கேட்க ஆளில்லாத வீட்டாருக்காக இதை எழுதுகிறேன்.

நேரில் போகத்தான் வேண்டுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். மீன்வளம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு இப்போது இணையவழியில் கலந்தாய்வு நடக்கிறது. கல்லூரிகளை நமக்கு வேண்டிய வரிசையில் நாமே நிரப்ப வேண்டும். மதிப்பெண்ணுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் உட்பட்டு, அந்த வரிசையில் மேலே இருப்பதுதான் முதலில் கைக்கு வருகிறது. தேர்வு முடிவு வந்த பிறகு, கணினி மையத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, பெயரை மட்டும் வைத்து அந்த வரிசையைத் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கு ஆண்டு வாழப்போகிற இடத்தின் வரிசையைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று விரும்பினேன்.

எப்போது போவது என்பதில் முதலில் தவறிவிட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் என் கணவர் தொடர்ந்து வீட்டில் இருப்பார். இளையவனை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வெளியூர் போக முடியும். ஆனால் கல்லூரிகளில் தேர்வும் விடுமுறையும் வருவதும் அந்த நாட்களில்தான். மே மாதத்தில் ஒரு கல்லூரிக்குப் போய், பூட்டிய வகுப்பறைகளையும் காலியான விடுதித் தாழ்வாரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்று செலவான பேருந்துக் கட்டணத்தைவிட, மகள் முகம் வாடியதுதான் எனக்கு வருத்தம். அதன் பிறகு நான் விடுப்பு எடுத்து, அவள் பள்ளியில் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, வகுப்பு நடக்கும் வேலை நாட்களில் மட்டுமே போனோம்.

தொலைவில் தேடுவதற்கு முன், மண்டபத்திலேயே உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலிருந்து தொடங்கினோம். இது மாணவர் சேர்க்கை நடக்கும் கல்லூரி அன்று. 1947-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம். 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை அதன் தலைமையிடமே மண்டபத்தில்தான் இருந்தது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியாது. கடல்விரால் மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முயற்சி 2010-இல் நாட்டிலேயே முதன்முதலாக வெற்றி பெற்றதும் இங்கேதான். அங்கு வேலை பார்ப்பவர்கள் என்ன படித்துவிட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன். மீன்வளப் பட்டம், விலங்கியல், உயிர்வேதியியல் என்று பல வழிகளில் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததே, எங்கெங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலை எங்களுக்குத் தந்தது.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கு இராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து. 1977-இல் தொடங்கிய கல்லூரி இது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-இல் அமைந்த பிறகு அதன் உறுப்புக் கல்லூரியாக இருக்கிறது. மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு, எட்டுப் பருவம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் மதிப்பெண் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. பாடமும் புத்தகத்தோடு நிற்பதில்லை. மீன் வளர்ப்பு, மீன் பதப்படுத்தல், மீன்பிடிக் கருவிகள், நீரின் தன்மை, கடைசி ஆண்டில் களப் பயிற்சி என்று போகிறது. முன்கூட்டியே கடிதம் எழுதி நாள் குறித்துக்கொண்டு போனதால் உள்ளே சுற்றிப் பார்க்க முடிந்தது.

அங்கே நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஒரு தட்டில் காரல் மீன்கள் கிடந்தன. மகள் பார்த்ததும், "இதெல்லாம் காரல்தானேம்மா, நம்ம கரையில பொறுக்குறது" என்றாள். பக்கத்தில் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் அவளை அருகில் கூப்பிட்டு, "எல்லாம் ஒரே காரல்தானா, பாரு தங்கச்சி" என்று சொல்லி, இடுக்கியால் ஒரு மீனின் வாயை மெல்ல முன்னால் இழுத்துக் காட்டினார். மடிந்திருந்த வாய் குழல் போல நீண்டு மேல்நோக்கி நின்றது. அடுத்ததை இழுத்தபோது கீழ்நோக்கி வளைந்தது. மூன்றாவதின் தாடையில் நுண்ணிய கோரைப்பற்கள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு பேரினம், வாயை இழுத்துப் பார்த்தே பிரித்துவிடலாம் என்றார் அந்தப் பெண். பிறகு இடுக்கியை மகள் கையில் கொடுத்து அடுத்த மீனை அவளையே பார்க்கச் சொன்னார். பிறந்ததிலிருந்து கரையில் காரலைக் கூறு கட்டிப் பார்த்தவள், அது எந்த வகை என்று அதன் வாயைத் திறந்து பார்த்தே சொல்ல முடியும் என்பதை அன்றுதான் அறிந்துகொண்டாள். ஏறத்தாழ அரை மணி நேரம் அந்தத் தட்டை விட்டு அவள் நகரவில்லை. நான் பேசாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேட்க நினைத்திருந்த முக்கியமான கேள்வியையும் அந்த மாணவியிடமே கேட்டாள்: பயிற்சிக்குப் படகில் போகும்போது பெண்களையும் ஏற்றுவார்களா என்று. எங்கள் கரையில் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குவார்கள், ஆனால் விசைப்படகில் ஏறித் தொழிலுக்குப் போவது வழக்கம் இல்லை என்பதால் இது அவளுக்குச் சிறிய கேள்வி அன்று. "நாங்களும்தான் போறோம், முதல் நாள் வாந்தி எடுத்தேன், ரெண்டாவது நாள் சரியாப் போச்சு" என்று அவர் சொன்ன பதில் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் அலுவலகத்தில் பேசிவிட்டு அப்படியே திரும்பாமல், அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடமாவது தனியாகப் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அதன் பெயரை இங்கே குறிப்பிட விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெற்றோருக்கான நாள் என்று அழைத்து, குளிரூட்டப்பட்ட பேருந்தில் கூட்டிப் போய், வாசலில் பூ கொடுத்து, பெரிய அரங்கில் காணொளி காட்டி, நல்ல சாப்பாடும் போட்டார்கள். ஆனால் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை என் மகளிடம் ஒருவர்கூட, நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்கவில்லை. பேச்சு முழுவதும் என்னிடம்தான். அதுவும் கட்டணத்தைப் பற்றியும் வங்கிக் கடனைப் பற்றியும்தான். கடல் அறிவியல் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, சாவி வைத்திருப்பவர் இன்று வரவில்லை என்றார்கள். கதவின் கண்ணாடி வழியாக மகள் எட்டிப் பார்த்தாள். வரிசையாக நுண்ணோக்கிகள் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

விடுதியில் எங்களுக்குக் காட்டியது ஒரு மாதிரி அறை. மெத்தையில் புதிய விரிப்பு, மேசையில் விளக்கு, சன்னலில் திரை என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. மகள் கழிவறைக்குப் போக வேண்டும் என்றதால் மாணவிகள் உண்மையில் தங்கும் பகுதிக்குள் போக நேர்ந்தது. அங்கே குழாயடியில் பெயர் எழுதிய வாளிகள் சுவர் வரை வரிசையாக நின்றன. நான்கு கழிவறைக் கதவுகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் சணல் கயிறு கட்டியிருந்தார்கள். தண்ணீருக்கு வரிசையில் நிற்பது எங்கள் ஊரில் புதிது இல்லை, அதற்காக நான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கு இத்தனை இலட்சம் என்று அரங்கில் சொன்ன தொகையையும் அந்தச் சணல் கயிற்றையும் என்னால் சேர்த்து நினைக்க முடியவில்லை.

கிளம்பும் நேரத்தில், இடத்தை உறுதி செய்ய முன்பணமாக 25,000 ரூபாயும் மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழும் கேட்டார்கள். பிளஸ் டூ தேர்வே எழுதாத பிள்ளைக்கு இது. அசல் சான்றிதழைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிப்பே வெளியிட்டிருக்கிறது. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். சான்றிதழை ஓரிடத்தில் சிக்கவைத்துவிட்டு, கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தும் போக முடியாமல் தவித்த பிள்ளைகளை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே கையில் நகல்களை மட்டும் எடுத்துப் போங்கள், அசலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள் என்று மிகவும் அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

தொண்டிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போனது வேறு நோக்கத்தில். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை எங்கள் மாவட்டத்திலேயே தொண்டியில் இயங்குகிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதுநிலைப் படிப்பும் ஆராய்ச்சியும்தான் முதன்மை என்பதால், பிளஸ் டூ முடித்ததும் சேர நினைப்பவர்கள் இதற்கென்றே பயணம் போக வேண்டியதில்லை. விலங்கியல் இளநிலைப் பட்டம் ஒன்றை வீட்டுக்குப் பக்கத்தில் முடித்துவிட்டு, பிறகு இங்கே வந்து கடல் படிப்பைத் தொடரலாம் என்ற இன்னொரு பாதை கண்ணில் பட்டது மட்டுமே எங்களுக்கு ஆதாயம். மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வது என்ற பயம் மகளுக்கு அதோடு பாதி குறைந்தது. பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் அவள் நெடுநேரம் நின்றாள். ஆறு கலக்கும் கடலை அவள் அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றோடு மீன்வளப் படிப்புக்கும் உண்டு. அப்படிப் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மீன்வளப் பட்டப்படிப்பில் மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் இருப்பதால், அதற்குரிய சான்றைத் தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல் முன்பே வாங்கிவைப்பது நல்லது. தனியார் இடத்தில் எங்களிடம் பேசியவர்கள் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை, நாம்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அரசுக் கல்லூரிகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான இடங்களில் பெற்றோரும் பிள்ளையும் வந்து பார்ப்பதற்கென்று ஒரு நாளோ, வழிகாட்ட ஓர் ஆளோ கிடையாது. நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியிலிருந்து கல்லூரிகளுக்கு அழைத்துப் போகிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் நூறு பிள்ளைகளோடு வரிசையில் நடக்கும்போது விடுதிக் கழிவறையைப் பற்றி ஒரு பெண் பிள்ளை எப்படிக் கேட்பாள்? மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தையும் விடுதியையும் திறந்துவைத்து, இரண்டு மாணவர்களை உடன் அனுப்பினால் போதும். செலவில்லாத இந்த ஒன்றைச் செய்தால் பூவும் பேருந்தும் அனுப்புகிறவர்களிடம் எங்கள் பிள்ளைகள் ஏன் போகப் போகிறார்கள்?

இப்போதைக்கு மகள் தன் வரிசையில் தூத்துக்குடியை முதலில் எழுதியிருக்கிறாள். இராமநாதபுரத்திலேயே விலங்கியல் படிப்பது கடைசி வரி. இரண்டுக்கும் நடுவில் பொன்னேரியையும் தலைஞாயிறையும் எந்த வரிசையில் வைப்பது என்று அவள் முடிவு செய்யவில்லை; இரண்டும் அதே பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள். தலைஞாயிறுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு வேலை நாளில் போய்வருவதாக இருக்கிறோம். இந்த முறை என் கணவரும் கடலுக்குப் போகாத நாள் பார்த்து உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.