ரவுனுக்குள் ஒரு கெமிஸ்ட்ரி பேப்பர் கிளாஸ்: போகலாமா?

ஏ.எல். (உயர்தர) சோதனை நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் வெறும் மதில் காண்பதே கஷ்டம், எல்லாவற்றிலும் பேப்பர் கிளாஸ் நோட்டீஸ்தான், அதாவது மாதிரிப் பேப்பர் எழுதவைத்துத் திருத்தித் தருகிற கிளாஸ். அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் நானும் கெமிஸ்ட்ரிக்குச் சேர்ந்தேன். குறையும் சொல்லப்போவதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. திருத்தித் தருகிறார்களே, அதற்காக மட்டும் போகலாம். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருந்து செய்யக்கூடியது.

நடத்துவது சோதனை மாதிரியேதான். முதலாம் பேப்பரில் எம்.சி.கியூ. (பல்தேர்வுக் கேள்வி) 50, 2 மணித்தியாலம், மணி அடித்தால் பேனையை வைக்க வேண்டியதுதான். கல்குலேட்டரைக் கண்டால் வாங்கி வைத்துவிடுவார்கள். சோதனையிலும் அதற்கு இடமில்லை என்பதால் அது நல்லதுதான், போனைத் தட்டித் தட்டியே கணக்குச் செய்து பழகின ஆட்களுக்குத் தசமத்தைக் கையால் பிரிக்கச் சொன்னால் அரைவாசி நேரம் அதிலேயே போய்விடும். 31இலிருந்து 40 வரை நாலு கூற்றுத் தந்து எவை சரி என்று கேட்பார்களே, அதற்குச் சேர் சொன்ன ஒரு வழி எனக்குப் பிடித்தது. முதல் நாலு விடையும் பக்கத்துப் பக்கத்துக் கூற்றுச் சோடிகள் (நாலாவதும் முதலாவதும் ஒரு சோடி), மிச்சம் எல்லாம் ஐந்தாவது விடைக்குள் போகும். அதனால் முதலாம் கூற்றும் மூன்றாம் கூற்றும் சரி என்று பிடித்துவிட்டால் மற்ற இரண்டையும் வாசிக்கவே தேவையில்லை, 5தான்.

இனித் திருத்தல். யூனியில் (பல்கலைக்கழகத்தில்) படிக்கிற அண்ணாக்களும் அக்காக்களும்தான் மார்க்கிங் ஸ்கீமை வைத்துக்கொண்டு திருத்துகிறார்கள், சும்மா சரி போட்டுவிட்டுப் போவதில்லை. ஒருமுறை நான் எழுதின சமன்பாடு சரி, சமப்படுத்தியும் இருந்தது, ஆனால் ஓரத்தில் சிவப்பு மையில் 'நிலை எங்கே?' என்று எழுதிப் புள்ளியை வெட்டியிருந்தார்கள். திண்மமா வாயுவா என்று போடாமல் விட்டதற்கு! வீட்டில் தனியாகச் செய்திருந்தால் அதற்கு நானே முழுப்புள்ளி போட்டுக்கொண்டிருப்பேன். ஒரே குறை, அடுத்த பேப்பரை எழுதி முடித்த பிறகுதான் முந்தினது கைக்கு வரும், அதற்குள் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோகும்.

எனக்குக் கோபம் வந்தது இசட் புள்ளியில். ஒவ்வொரு பேப்பரிலும் ஒரு 'இசட்' போட்டுத் தருகிறார்கள், ராங்க் லிஸ்டும் சுவரில் ஒட்டுகிறார்கள். சோதனையில் இசட் புள்ளி என்பது அந்தப் பாடத்தை நாடு முழுக்க எழுதின எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்ற கணக்கு. இவர்கள் போடுவது அந்த மண்டபத்துக்குள் இருந்தவர்களை மட்டும் வைத்து, அதிலும் பேப்பர் கிளாசுக்கு வருகிறதே ஓரளவு படிக்கிற கூட்டம். அங்கே மைனஸ் வந்தது என்று அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், தேவையில்லாத அழுகை. யூனி அனுமதிக்கான மாவட்டக் கோட்டாவில் யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளி (எடுபடத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி) எங்கே நிற்கும் என்று அந்த இலக்கத்தை வைத்து ஒருத்தராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் பேப்பருக்கு 3 மணித்தியாலம் தருகிறார்கள், சரி. ஆனால் சோதனையில் அதற்கு முதல் கிடைக்கிற 10 நிமிட வாசிப்பு நேரத்தை இங்கே தருவதில்லை. பீ, சீ பகுதிகளில் மும்மூன்று கேள்வியில் இரண்டிரண்டைத் தெரிய வேண்டும், எதை விடுவது என்று முடிவெடுக்கிற நேரமே அந்த 10 நிமிடம்தான். கேட்டால் மண்டபத்தை அடுத்த கிளாசுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

கட்டணத்தோடு பேப்பர் காசு தனி. அந்தப் பேப்பர்களில் பாதி பழைய கேள்விகளின் போட்டோக்கொப்பி, புதிய பாடத்திட்டத்தின்படி முதலாவது சோதனை நடந்தது 2019இல்தான் என்பதையும் யோசிக்காமல் அதற்கு முந்தினதையும் பிரிக்காமல் கலந்து தருகிறார்கள். பரீட்சைத் திணைக்களத்தின் பழைய தாள்களை நீங்களே எடுத்து, தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அந்தக் காசு மிச்சம்.

தகரக் கூரை, மத்தியானம் ஃபான் சுத்தினாலும் சூட்டுக் காற்றுத்தான், தண்ணிப் போத்தல் கட்டாயம். பருத்தித்துறைப் பக்கம் இருந்து வருகிறவர்கள் பின்நேர குரூப்பில் சேர வேண்டாம், விடுவதற்கு இருட்டிவிடும், பஸ்சுக்கு ஓட வேண்டிவரும்.