ஆர்சி விமான 'காம்போ கிட்' வாங்குகிறீர்களா? பசை டியூபைத் திறக்கும் முன் தராசை எடுங்கள்

ஆன்லைனில் 9,400 ரூபாய்க்கு வாங்கிய, ரிமோட்டில் பறக்கவிடும் (ஆர்சி) ஒரு பயிற்சி விமான காம்போவின் கதி இது. விளம்பரத்தில் போட்டிருந்தது: 1200 மி.மீ. இறக்கை, கார்பன் ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் தண்டு), 2212 வகை 1000 கேவி மோட்டார் (கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது), 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), நான்கு 9 கிராம் சர்வோ (மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்), 11.1 வோல்ட் 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 10x4.5 ப்ராப் (முன்விசிறி), ஆறு சேனல் ரிமோட். பெட்டியில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. கோளாறெல்லாம் ஸ்டிக்கருக்கு அடியில்.

முதலில் பேட்டரி. ஸ்டிக்கர் 2200 என்கிறது. சமையலறைத் தராசு 118 கிராம் காட்டுகிறது. ஒழுங்கான 3 செல் 2200 லிப்போ 170 முதல் 190 கிராம் வரை இருக்கும். எடை இல்லாமல் கொள்ளளவு எங்கிருந்து வரும்? முழுக்க ஏற்றி, சார்ஜரின் டிஸ்சார்ஜ் முறையில் செல்லுக்கு 3.3 வோல்ட் வரை இறக்கியதில் கிடைத்தது 1,310 எம்ஏஎச்.

பறக்கும் நேரம்தானே குறையும் என்று விட்டுவிட முடியாது. இந்த பிளேனின் மொத்த எடை 900 கிராம் என்று வைத்துத்தான் வரைபடம் போட்டிருக்கிறார்கள். பேட்டரி இருப்பது சிஜிக்கு (எடை சமநிலைப் புள்ளிக்கு) 200 மி.மீ. முன்னால், மூக்கில். அங்கே 60 கிராம் குறைந்தால் சிஜி ஏறக்குறைய 14 மி.மீ. பின்னால் நகரும். இறக்கையின் அகலம் 200 மி.மீ. முன்விளிம்பிலிருந்து 60 மி.மீ.யில் இருக்க வேண்டியது 74க்குப் போய்விடும். அதாவது 30 சதவீதம் 37 ஆகிறது. வால் கனத்த பிளேன் எலிவேட்டரை (வாலில் உள்ள மடலை) லேசாகத் தொட்டாலே மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, ஒரு பக்கமாகச் சரியும். புதிதாகப் பழகுபவர் 'காற்று அடித்தது' என்று நினைத்துக்கொள்வார். இதே பேட்டரியை வைத்துச் சமன் செய்ய அதை 100 மி.மீ. முன்னால் தள்ள வேண்டும். அங்கே மோட்டார்தான் இருக்கிறது.

அடுத்தது மோட்டார். 2212 அளவிலேயே 1000, 1400, 2200 கேவி மூன்றும் வருகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். சோதிக்க சால்டரிங் தேவையில்லை. மோட்டாரின் அடிப்பகுதியை வைஸில் இறுக்கி, ஷாஃப்டை டிரில் சக்கில் பிடியுங்கள். மூன்று வயரில் ஏதாவது இரண்டை மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் வைத்துச் சுற்றவிடுங்கள். டிரில் வேகத்தை, மீட்டர் காட்டும் வோல்ட்டை 1.414ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கேவி. 2800 ஆர்பிஎம் டிரில்லில் 1000 கேவி மோட்டார் 2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இது காட்டியது 1.4. அதாவது 1400 கேவி. அதில் 10x4.5 ப்ராப் போட்டால் மோட்டார் இழுக்கும் கரண்ட் இரட்டிப்பைத் தொடும். சில நிமிடங்களில் வார்னிஷ் கருகும் வாசனை வரும். பிறகு கடையில் 'நீங்கள்தான் தப்பாக ஓட்டினீர்கள்' என்பார்கள்.

கார்பன் ஸ்பார் என்று வந்தது கறுப்பு ஃபைபர்கிளாஸ். இரு முனையையும் உப்புத்தாளில் தேய்த்து கன்டினியூட்டி பாருங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும், ஃபைபர்கிளாஸ் கடத்தாது. அதே தடிமனில் இது அதிகம் வளையும். லூப் இழுத்து மேலே வரும்போது இறக்கை மடியும் ஆபத்து உண்டு.

இஎஸ்சியும் ரிமோட்டும் சரி. ஒரு சர்வோ நடுங்கியது, அது எந்தக் கடையிலும் நடப்பதுதான்.

கடையின் பதில்: 'சால்டர் செய்த எலக்ட்ரானிக்ஸ் திரும்ப எடுப்பதில்லை.' மோட்டார் வயரில் புல்லட் கனெக்டர் பற்றவைத்த பிறகுதான் டிரில் சோதனை நடந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசையை மாற்றியிருக்க வேண்டும். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், எல்லாவற்றையும் எடை போடுங்கள், பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள் (3.8 வோல்ட்டை ஒட்டி இருக்கலாம், 3க்குக் கீழே என்றால் சார்ஜில் போடாமலே திருப்பி அனுப்புங்கள்), டிரில், கன்டினியூட்டி. அதற்குப் பிறகே சால்டர். பிறகு ப்ராப் இல்லாமல் மேசையில் இணைத்து, ரிமோட்டின் ட்ரிம்மை (நுண்சரிசெய்தலை) பூஜ்ஜியத்தில் வைத்து சர்வோ ஹாரன்களை (சர்வோவின் கைகளை) மாட்டி, ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். பசை கடைசியில்.

கடை சொன்னது சட்டப்படி நிற்காது. 2020ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதிவு செய்யலாம். தராசுப் படமும் மல்டிமீட்டர் படமும் சேர்த்து எழுதிய பிறகு மோட்டாருக்கும் ஸ்பாருக்கும் பணம் வந்தது. பேட்டரியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். லிப்போ என்றதும் இரண்டு கூரியர்கள் வாங்க மறுத்துவிட்டன.