எழுத வராத நாளில் காத்திருப்பதா, நடப்பதா, உட்காருவதா?

எழுதுவதற்கென்றே குன்னூரிலும் கோத்தகிரியிலும் அறை எடுத்துத் தங்குபவர்கள் உண்டு. குளிரும் பனிமூட்டமும் கூடினால் எழுத்து தானாக வந்துவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆண்டு முழுவதும் இங்கேயே வசிப்பவர்களுக்கு மூட்டம் அன்றாடக் காட்சி. ஐப்பசி மழையில் மின்சாரம் போய், துணி காயாமல், மனம் எதிலும் ஒட்டாமல் கிடக்கும் நாளிலும் எழுத வேண்டியதை எழுதித்தான் ஆகவேண்டும்.

மனநிலை வரும்வரை காத்திருப்பது முதல் வழி. நான்கு வரிக் கவிதைக்கு இது பொருந்தலாம். நீண்ட கட்டுரைக்கும் நாவலுக்கும் பொருந்தாது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், பேராசிரியர்களில் ஒரு பிரிவினர் மனம் வந்தபோது மட்டும் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர், எழுதத் தவறினால் தாம் வெறுக்கும் ஓர் அமைப்புக்குப் பணம் போய்ச் சேரும் என்ற கட்டாயத்தில் எழுதினார்கள். கட்டாயத்தில் எழுதியவர்களே அதிகப் பக்கங்களை எழுதினார்கள் என்பதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அடிக்கடி தோன்றின என்பதுதான், காத்திருப்பவர்களின் வாதத்தை அடியோடு சாய்த்துவிடுகிறது.

நடப்பது இதைவிட மேலான வழி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது என்பதால், பள்ளத்தாக்கின் அழகுக்கு நாம் கொடுக்கும் பெருமையில் பெரும்பங்கு கால்களுக்கே சேரவேண்டும். ஆனால் ஒரே சரியான விடையைத் தேடும் பணியில் நடை கைகொடுக்கவில்லை. எதைச் சொல்வது என்று தெரியாதபோது நடக்கலாம்; சொல்ல வேண்டியது தெரிந்தும் வாக்கியம் அமையாதபோது நடப்பது நழுவல். (நடப்பவர்கள் வெளிச்சம் வந்தபின் கிளம்புவது நல்லது, காட்டெருமை மறித்து நிற்கும் பாதையில் கதையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.)

மிஞ்சுவது உட்காருவது. அதிலும் நேரக்கணக்கு, சொற்கணக்கு என இரண்டு கட்சிகள் உண்டு. சொற்கணக்குக் கட்சியினர், அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்த ஆங்கில எழுத்தாளர் அந்தோணி டிராலப்பைச் சான்றாகக் காட்டுவார்கள். அவர் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் விடியற்காலையில் எழுதியவர். அந்த அமர்வின் முதல் அரை மணியை, முந்தைய நாள் எழுதியதை வாசிப்பதற்கே அவர் ஒதுக்கியதை மட்டும் பெரும்பாலோர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஊக்கமில்லாத நாளில் உண்மையில் உதவுவது அந்த அரை மணிதான் என்பேன். நேற்றைய பக்கத்தில் ஒரு வினைச்சொல்லைத் திருத்தத் தொடங்கும் கை, அடுத்த பத்திக்குள் தானே நுழைந்துவிடுகிறது.

சொற்கணக்கை மட்டும் துரத்துவது, தேயிலைத் தோட்டத்தில் எடைக்காக முற்றல் இலையையும் சேர்த்துப் பறிப்பதைப் போன்றது. கூடை நிறையும், தூளின் தரம் கெடும். எழுதி முடிக்கவேண்டிய கெடு நெருங்கிவிட்டதென்றால் சொற்கணக்குக்கும் இடமுண்டு. மற்ற நாட்களில் என் தேர்வு நேரக்கணக்கே: தினமும் ஒரே வேளையில் ஒரு மணி நேரம், முதலில் பழைய பக்கம், பிறகு புதியது, அன்று இரண்டே வரிகள் வந்தாலும் மணி முடிந்ததும் எழுந்துவிடலாம்.