பாஸ் தாளைக் காட்டி விற்ற மைவி: பழைய கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பம் பழைய பெரோடுவா மைவி கார் ஒன்றை வாங்கியது. கடைக்காரர் இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று மலேசிய வாகனச் சோதனை நிறுவனமான பூஸ்பாகோமின் பி5 ரிப்போர்ட், அதாவது பெயர் மாற்றச் சோதனைத் தாள்; முடிவு லுலுஸ் (பாஸ்). இன்னொன்று கடையே அச்சடித்த 'சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷன்' தாள். பிரேக், டயர், ஏர்பேக், ஷாக் அப்சோர்பர் என்று எல்லாக் கட்டத்திலும் டிக். "பூஸ்பாகோமே பாஸ் பண்ணிட்டான்ணே, இன்னும் என்ன பாக்கணும்?" என்று பேசி கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மூன்றாவது வாரம், மழையில் பிரேக் மிதித்தபோது வண்டி சறுக்கி லோங்காங் (சாக்கடை) ஓரத்தில் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். செய்த வேலை தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

முதலில் டயர். நான்கிலும் தேய்மானக் கட்டை ரப்பரோடு சமமாக இருந்தது. டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்குமே, அதுதான் தேய்மானக் கட்டை. அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது, மழைத் தண்ணீரை வெளியே தள்ளப் போதிய பள்ளம் இல்லை. பக்கவாட்டில் 1514 என்று எண், அதாவது 2014-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் செய்த டயர். பி5 நடந்தது வண்டி கைக்கு வருவதற்குப் 11 நாள் முன்பு. அந்த 11 நாளையும் பிறகு ஓடிய மூன்று வாரத்தையும் சேர்த்தாலும் எந்த டயரும் இப்படித் தேயாது. கடை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேறு பிராண்டு டயர் தெரிகிறது. நல்ல டயரைப் போட்டு பூஸ்பாகோம் ஓட்டிப்போய், பாஸ் ஆனதும் கழற்றிவிட்டார்கள். அடுத்த வண்டிக்கும் அதே நான்கு டயர்தான் போகும்.

அடுத்து பிரேக். முன் பேட் 2 மில்லிமீட்டர் கூட இல்லை. புதிய பேட் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 3-க்கு இறங்கினால் மாற்றிவிட வேண்டும். பிறகு எப்படி பாஸ் ஆனது? பூஸ்பாகோமில் சக்கரத்தை ரோலர் மேல் நிறுத்தி அளப்பது அன்றைக்குப் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பேட் இன்னும் எத்தனை நாள் வரும் என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. தேய்ந்த பேட்டும் கடைசி நாள் வரை நன்றாகவே பிடிக்கும். அதற்குப் பிறகு இரும்பு இரும்போடு உரசும்.

இதில் ஒரு சின்ன அடையாளம் உண்டு. பேட் தேயத் தேய டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் தானாக இறங்கும். பேட் மெலிந்திருக்கும் வண்டியில் ஆயில் 'மேக்ஸ்' கோட்டில் நின்றால், யாரோ மேலே ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அந்த மைவியில் அப்படித்தான் இருந்தது. புதுப் பேட் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஆயில் டப்பாவிலிருந்து வழிந்தது.

மனசு கொதிக்கிற இடம் ஏர்பேக் விளக்கு. சாவியை 'ஆன்' வரை திருப்பினால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே, அந்த விளக்கு சில விநாடி எரிந்து தானாக அணைய வேண்டும். பேட்டரி விளக்கு மட்டும் எஞ்சின் ஓடத் தொடங்கும் வரை எரியும். இந்த வண்டியில் இரண்டும் சேர்ந்தே எரிந்தன, எஞ்சின் ஸ்டார்ட் ஆன அதே நொடியில் சேர்ந்தே அணைந்தன. ஏர்பேக் விளக்கின் வயரை பேட்டரி விளக்கோடு முறுக்கியிருந்தார்கள். உள்ளே ஏர்பேக் கோளாறு அப்படியே கிடக்கிறது, விளக்கு மட்டும் பொய் சொல்கிறது. பிள்ளைகளை ஏற்றிப்போகிற வண்டியில் செய்த வேலை இது. சில கடைகள் பல்பையே பிடுங்கிவிடும், அப்போது விளக்கு எரியவே எரியாது. அதுவும் அதே குற்றம்தான். சாவியை நீங்களே திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பத்து விநாடி பொறுங்கள்.

அப்சோர்பரையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடிய வண்டிக்கு அடியெல்லாம் சிவப்புத் தூசு இருக்கும். மற்ற இடமெல்லாம் தூசாக இருந்து அப்சோர்பர் மட்டும் பளபளவென்றிருந்தால், கசிந்த ஆயிலைத் துடைத்திருக்கிறார்கள். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தாலும் துரு, வெல்டிங் எதையாவது மூடியிருப்பார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

பி5 என்பது பெயர் மாற்றத்துக்கான சோதனை. வங்கிக் கடனில் பழைய வண்டி வாங்கினால் பி7. எஞ்சின் நம்பர், சேஸி நம்பர், பிரேக், சஸ்பென்ஷன், புகை, கண்ணாடி டின்ட் போன்றவற்றைப் பார்ப்பார்கள். எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும், ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்ட மீட்டரைத் திருப்பினார்களா, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார் மூழ்கியது என்று எல்லாரும் பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர் கை அங்கே போகாது, சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்பேர் டயர் குழியையும் சீட் தண்டவாளத்தையும் தடவிப் பாருங்கள்.

கடை அச்சடித்த டிக் தாளுக்குச் சட்டப்படி ஒரு மரியாதையும் கிடையாது. அந்தக் குடும்பம் வாங்கிய தாளில் சேஸி நம்பர் இல்லை, மைலேஜ் இல்லை, பார்த்தவர் கையெழுத்து இல்லை, பேட் எத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் எண் கூட இல்லை. எண் இல்லாத டிக்கை நம்பாதீர்கள்.

வாங்குமுன், பி5-க்கு வண்டி போகிற நாளைக் கேட்டு நீங்களும் கூடப் போங்கள். கடைக்காக வண்டியைக் கொண்டுபோகும் ரன்னரை மட்டும் அனுப்ப விடாதீர்கள். போக முடியாவிட்டால், முதல்முறை வண்டியைப் பார்க்கும்போதே நான்கு டயரின் நான்கு இலக்க எண்ணையும் மீட்டரையும் படமெடுத்து வையுங்கள், எடுக்கிற நாளில் ஒப்பிடுங்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத பட்டறையில் ஹோய்ஸ்டில் (வண்டியைத் தூக்கும் மேடையில்) ஏற்றிக் காட்டுங்கள். "வெளியே விட மாட்டோம்" என்றால் அந்த வண்டி வேண்டாம். கடனில் வாங்கும்போது புக்கிங் பணமாக ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. டயர் மாற்றித் தருவோம், பேட் மாற்றித் தருவோம் என்று வாயால் சொன்னதையெல்லாம் ஆர்டர் தாளில் எழுத வைத்து முத்திரை வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கடையோடு சண்டை போட்டு நாளைக் கடத்த வேண்டாம். வேறொரு பட்டறையில் அளவுகளோடு எழுத்தில் ரிப்போர்ட் வாங்கி, கடைக்குக் கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கேட்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பாரம் 1 என்ற கோரிக்கைப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். 'உள்ளபடி விற்றோம், பொறுப்பில்லை' என்று கடை பில்லில் எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு தாளில் எழுதித் தள்ளிவிட முடியாது. ஆனால் கடை இல்லாமல் தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி திறக்காது.

கழற்றிய பேட்டையும் டயரையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். வண்டி எண்ணை எழுதி ஒரு பையில் கட்டி வையுங்கள். விசாரணை நாளில் மேசை மேல் வைக்க அதுதான் வேண்டும்.