தூளா, அழுத்தமா? வாழ்த்து அட்டையில் புடைப்பெழுப்ப இரு வழிகள்

கையால் செய்த வாழ்த்து அட்டையில் ஒரு சொல்லோ ஒரு பூவோ மட்டும் இருந்து, அதுவும் விரலுக்குத் தட்டுப்படும்படி சற்றே எழும்பி நின்றால், எளிமை கெடாமலேயே அட்டையின் அழகு கூடிவிடுகிறது. இந்தப் புடைப்பைப் பெற, தூளை உருக்கும் ஹீட் எம்பாசிங், தாளையே அழுத்தி எழுப்பும் டிரை எம்பாசிங் என இரு வழிகள் உள்ளன. முன்னதில் தாளின் மேல் வேறொரு பொருள் ஏறுகிறது. பின்னதில் தாளே உருமாறுகிறது. இரண்டின் நிறைகுறைகளும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

ஹீட் எம்பாசிங்கில், மெதுவாக உலரும் பிக்மென்ட் மையிலோ நிறமற்ற எம்பாசிங் மையிலோ வடிவம் செதுக்கிய ஸ்டாம்பை ஒற்றி அட்டையில் பதிக்கிறோம். ஈரம் காய்வதற்குள் எம்பாசிங் பவுடரைத் தாராளமாகத் தூவி, ஒட்டாததைத் தட்டி மீண்டும் புட்டியில் சேர்த்துவிட்டு, ஹீட் கன்னின் வெப்பக் காற்றைக் காட்டினால், பிசின் துகள்கள் உருகி ஒன்றுகலந்து, ஆறியதும் மினுங்கும் மேடாக இறுகுகின்றன. முடி உலர்த்தும் டிரையர் இதற்கு உதவாது. அதன் சூடு பவுடரை உருக்கப் போதாது, காற்றோ அதை ஊதித் தள்ளிவிடும்.

இம்முறையின் தனிப்பலம் அடர்நிற அட்டையில் தெரியும். கறுப்புத் தாளில் சாதாரண மை அமிழ்ந்துபோகும். வெள்ளை அல்லது பொன்னிறப் பவுடரோ அடிநிறத்தை முழுவதும் மறைத்து நிற்கும். வெள்ளைத் தாளில் நிறமற்ற பவுடரை உருக்கி, அதன்மேல் நீர்வண்ணம் தீட்டினால், உருகிய கோடுகள் வண்ணத்தை ஏற்காமல் வெண்மையாகவே எஞ்சும். இந்த இரண்டையும் டிரை எம்பாசிங்கால் செய்ய இயலாது.

ஆனால் பொறுமை வேண்டும். நான் முதலில் செய்த கறுப்பு அட்டையில், எழுத்தைவிட அதைச் சுற்றிச் சிதறிய வெள்ளைப் புள்ளிகளே கண்ணில் பட்டன. தாளில் உள்ள நிலைமின்சாரமும் கைபட்ட ஈரமுமே அதற்குக் காரணம். ஸ்டாம்ப் பதிப்பதற்கு முன் டால்கம் பவுடரை மெல்லிய துணியில் முடிந்து தாள்மேல் ஒற்றி எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். சூடு குறைந்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். மிகுந்தால் பவுடர் தாளுக்குள் இறங்கி, மேடு தணிந்து, எண்ணெய்க் கறைபோல் தோன்றும். எனவே துகள்கள் பளபளப்பாக மாறிய அந்தக் கணத்திலேயே ஹீட் கன்னை நகர்த்திவிட வேண்டும். மெல்லிய தாள் சூட்டில் சுருளும் என்பதால், 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) அளவிலான தடித்த அட்டையே ஏற்றது. மடிப்புக் கோட்டின் மேல் பவுடர் வரக்கூடாது. மடிக்கும்போது விரிசல் விடும்.

டிரை எம்பாசிங்கில் மை, சூடு, சிதறல் எதுவும் இல்லை. வடிவம் வெட்டிய தகடான ஸ்டென்சிலின் மேல் தாளை வைத்து உருண்டை முனைக் கருவியால் தேய்க்கலாம். அல்லது வடிவம் செதுக்கிய ஃபோல்டருக்குள் அட்டையை வைத்து உருளை இயந்திரத்தில் செலுத்தலாம். குழந்தைகளுடன் சேர்ந்து செய்யவும், ஒரே வடிவில் ஐம்பது அட்டை செய்யவும் இதுவே சிறந்தது. எனினும் நிறமின்றி நிழலால் மட்டுமே வடிவம் தெரிவதால், மங்கிய வெளிச்சத்தில் அது எடுபடாது. நுண்ணிய எழுத்துகளும் தெளிவாக வருவதில்லை. பின்புறம் குழிவிழுவதால் உள்ளே எழுத இன்னொரு தாள் ஒட்ட வேண்டியிருக்கும். அஞ்சலில் மற்ற உறைகளுக்கு அடியில் நசுங்கினால் புடைப்பு சற்றுத் தணியவும் கூடும்.

ஆகவே, சொல்லும் மெல்லிய கோடும் முதன்மை பெறும் அட்டைக்கு ஹீட் எம்பாசிங்கையும், முழுப் பின்னணிக்கும் ஒரு நெசவுத்தோற்றம் வேண்டுமென்றால் டிரை எம்பாசிங்கையும் நான் தேர்வேன். இரண்டையும் ஒரே அட்டையில் சேர்ப்பதும் உண்டு; அப்போது அழுத்தும் வேலையை முதலில் முடித்துவிட்டு, எழும்பிய பகுதிகளின் மேல் மை ஊறிய இங்க் பேடை மெல்லத் தடவிப் பவுடர் தூவி உருக்க வேண்டும். வரிசையை மாற்றினால், உருளையின் அழுத்தத்தில் இறுகிய பிசின் நொறுங்கும்.